நாலாம் தரம் வந்த அம்மாள்

எங்கள் ஊரில் அம்மாள் வருத்தம் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வரும். எனக்கு மூன்று தரம் வந்தது. ஊர் அப்படித்தான் நம்பியது. நம்பவைத்தது அம்மா.

பாடப்புத்தகம் கொப்புளிப்பான், சின்னம்மை என்று சொல்வதைத்தான் ஊர் அம்மாள் என்கிறது. அது வந்த வீட்டுக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. வாசல் படலையில் வேப்பிலை செருகவேண்டும். குசினியில் தாளிக்கக்கூடாது. கடை மருந்து கொடுக்கக்கூடாது. அயலவர் உள்ளே வரக்கூடாது. உடம்பில் எழும்புவதைக் கொப்புளம் என்று வாய்தவறியும் சொல்லக்கூடாது, முத்து என்றுதான் சொல்லவேண்டும். முத்து இறங்கி, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் வார்த்த பிறகுதான் வீடு பழையபடி வீடாகும்.

எனக்கு வந்தது வேறு. முதலில் தோல், வெயிலில் காய்ந்த தகரம்போலச் சூடேறிச் சிவக்கும். பிறகு அந்தச் சிவப்பின்மேல் அரிசிக் குறுணல் அளவில் வெள்ளை வெள்ளையாக முத்துக்கள் எழும்பும். அவை ஒன்றோடு ஒன்று கூடிச் சிறு குளங்களாகும். நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். கடைசியில் தோல் உரிந்து பாயில் கிடக்கும். இது தொற்றாது. அந்த முத்துக்குள் கிருமி இல்லை. இரத்தத்தில் ஓடும் வெள்ளைக் கலங்கள் யாரோ கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டு தோலுக்கு ஓடிவந்து, அங்கே ஒருவரும் இல்லாததைக் கண்டு திகைத்து நிற்கின்றன என்று கொழும்புத் தோல் வைத்தியர் எனக்கு விளங்கப்படுத்தினார். மிக அரிதான வருத்தம் என்றும் சொன்னார். மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. பிறகு ஒருநாள் காரணம் சொல்லாமல் மூளும்.

நான் திருகோணமலை ஆஸ்பத்திரியில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். பிழையான சொல்லை என்னால் சும்மா விடமுடியாது.

"அம்மாள் ஒருத்தருக்கு மூண்டு தரம் வராது, அம்மா. சனம் என்ன விசரோ?"

"தோல் வருத்தம் எண்டு சொன்னா உன்னை ஆர் கேட்டு வருவான்? அம்மாள் எண்டா ரெண்டு மூண்டு கிழமையில சனம் மறந்திடும்."

"பொய்தானே."

"அம்மாள் கோவிக்கமாட்டா. அவவும் பொம்பிளைதானே, அவவுக்கு விளங்கும்."

அண்ணாவின் மனைவி, என் மச்சாள், எதற்கும் சிரிக்கக்கூடியவள். "எங்கட கிணத்துத் தண்ணி அம்மாளுக்கு நல்லாப் பிடிச்சுப்போட்டுது போல மாமி. அதான் போறதும் வாறதுமா இருக்கிறா" என்பாள்.

மூன்றாம் தரம் வந்தபோது சிரிப்புக்கு இடமிருக்கவில்லை. தோல் முழுவதும் திறந்துபோய், உடம்பின் நீர் நிற்காமல் வடிந்தது. இதயம் தடுமாறியது. பிழைத்து எழும்பியபோது கொழும்பு வைத்தியர், இப்படி இன்னொன்று வந்தால் உடம்பு தாங்குமென்று தன்னால் சொல்லமுடியாது என்றார். அவர் எதையும் சுற்றிவளைத்துச் சொல்வதில்லை. எனக்கு அது பிடிக்கும்.

அவர்தான் அந்த மருந்தைப் பற்றியும் சொன்னார். வெளிநாட்டில் இன்னும் பரிசோதனையில் இருந்த மருந்து. எந்தக் கடையிலும் இல்லை. ஆனால் பரிசோதனை முடியும்வரை பொறுத்திருக்க ஏலாத நோயாளிக்காக ஒரு வைத்தியர் பொறுப்பெடுத்துக் கேட்டால், அதைச் செய்கிறவர்கள் விலையில்லாமல் அனுப்புவார்கள். முதலில் கொழும்பில் மாத்திரம்தான் கொடுத்தார்கள். வருத்தம் மூண்ட உடம்போடு கொழும்புக்குப் போவதென்றால், சண்டை நடந்த அந்த நாட்களில் எத்தனை இடத்தில் இறங்கி, எத்தனை இடத்தில் நடந்து, எத்தனை இடத்தில் காத்திருக்கவேண்டும் என்று நான் அவருக்கு வரிசையாகச் சொன்னேன். அவர் அதையெல்லாம் மருந்து செய்கிறவர்களுக்கு எழுதினார். சில மாதங்களில் வழியை அகலமாக்கினார்கள். தூர ஆஸ்பத்திரிகளிலும் மருந்தை வைத்திருந்து, தேவைப்படும்போது அங்கேயே கொடுக்கலாம் என்று வந்தது.

குளிரில் இருக்கவேண்டிய மருந்து அது. கரண்ட் போனாலும் ஜெனரேட்டரில் ஓடுகிற ஒரே பிரிட்ஜ் எங்கள் இரத்த வங்கியில் இருந்தது. அதனால் மருந்து என் வேலையிடத்துக்கே வந்து சேர்ந்தது. கடைசித் தட்டில், இரத்தப் பைகளுக்குக் கீழே, ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. காயக்காரர்கள் வரும் நாட்களில் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடுவேன். ஒவ்வொரு தரமும் அது என்னைப் பார்க்கும். யாரோ ஊருக்குப் போகும்போது என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த பொருள்போல இருக்கும்.

அதற்கு மூன்று நிபந்தனைகள் இருந்தன. வருத்தம் மூண்டு புது முத்துக்கள் எழும்பிக்கொண்டிருக்கவேண்டும். அதை வைத்தியர் ஒருவர் கண்ணால் காணவேண்டும். உடம்பில் எந்தத் தொற்றும் இருக்கக்கூடாது. மூன்றையும் நான் மனப்பாடம் செய்திருந்தேன். மருந்து திருகோணமலையிலும் நான் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஊரிலும் இருக்கும்போது வருத்தம் மூண்டால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசித்திருக்கவில்லை.

வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் குளுத்திக்காக லீவு எடுத்துக்கொண்டு எங்கள் ஊரான ஈச்சிலம்பற்றுக்குப் போனேன். ஊரெல்லாம் சேர்ந்து அம்மனைக் குளிரச்செய்கிற சடங்கு அது. பானைத் தண்ணீரை அள்ளி அள்ளித் தெளிப்பார்கள். மஞ்சள் கலந்த அந்தத் தண்ணீர் முகத்தில் விழுந்தபோது எனக்கு ஏதோ சுட்டதுபோல இருந்தது. அன்றே தெரிந்துகொண்டிருக்கவேண்டும்.

மறுநாள் கடற்கரைப் பக்கம் வெடிச்சத்தங்கள் கேட்டன. குடாவைக் கடந்து திருகோணமலைக்குப் போகும் மூதூர் லோஞ்சுப் படகு ஓடவில்லை என்று செய்தி வந்தது. வெருகல் பக்கத்துத் தரைவழியும் பூட்டு. அடுத்த நாள் காலையில் முழங்கை மடிப்பில் முதல் சிவப்பு தெரிந்தது. மத்தியானத்துக்குள் அதன்மேல் முத்து.

லோஞ்சுக்காகக் காத்திருந்த நாட்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. காய்ச்சல் எல்லாவற்றையும் தண்ணீருக்குக் கீழே கொண்டுபோய்விட்டிருந்தது. வாழையிலைமேல் கிடந்தேன். இலையின் நடு நரம்பு முதுகில் ஒரு நீளமான குளிர்ந்த ஆறுபோல ஓடியது. ஓட்டை ஓடு வழியாக விழுந்த வெயில் ஒரு வெள்ளிக்காசாகச் சுவரில் ஏறி, அலுமாரியில் நடந்து, என் காலைத் தொட்டுப் போனது. வெளியே யாரோ நெல் புடைத்தார்கள். அந்தச் சத்தம் அலையாகி, அலை என் மூச்சாகி, எது எனக்குள் எது வெளியே என்று தெரியாமல் போயிற்று. பயம் வரும்போது நான் வரிசைப்படுத்துவேன். அது என் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு பயணத்துக்கு வேண்டியதைச் சொல்லிப்பார்த்தேன். ஒன்று, அடையாள அட்டை. இரண்டு, வெள்ளைச் சீலை. மூன்று, தண்ணீர்ப் போத்தல். நாலு, கடல். கடலை எப்படிப் பைக்குள் வைப்பது என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மடித்தால் வைக்கலாம் என்று பட்டது.

அந்த மாதம் பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளைக்கும் அம்மாள் வந்திருந்தது. உண்மையான அம்மாள். இரண்டு கிழமைக்கு முன் ஒருநாள் லீவில் வந்தபோது அந்தப் பிள்ளையைத்தான் நான் மடியில் வைத்திருந்தேன்.

லோஞ்சு மீண்டும் ஓடப்போகிறது, வருத்தக்காரரோடு துணைக்கு ஒருவரை மாத்திரம் ஏற்றுவார்கள் என்று தெரிந்ததும் மச்சாள் எழும்பிவிட்டாள். "மாமி, நீங்கள் பிறகு வாங்கோ. தூக்கவேணும் எண்டா என்னாலதான் ஏலும்." அண்ணா லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே வாழையிலை போட்டு, அதன்மேல் என்னை வெள்ளைச் சீலையால் சுற்றி வைத்தார். அம்மா படலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தை இழுத்தெடுத்து வந்து என் நெஞ்சில் வைத்தார்.

"வேண்டாம் அம்மா. அங்க ஆஸ்பத்திரியில..."

"கிடக்கட்டும். வேப்பிலை ஆரையும் கடிக்காது."

வாக்குவாதப்பட எனக்குப் பலமில்லை. வழி நெடுக, தோப்பூர் கடந்து போகும்வரை, அந்த இலைகள் என் மூச்சோடு ஏறி இறங்கின. வானம் மரக்கிளைகளால் கீறப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. படுத்திருந்த நான் நிற்பதாகவும் ஊர்தான் என்னைத் தாண்டிப் போவதாகவும் தோன்றியது.

மூதூர் ஜெட்டியில், லோஞ்சு கட்டும் துறையில், இராணுவத்தார் வழமையாக எல்லாவற்றையும் கொட்டிப் பார்ப்பார்கள். பை, கூடை, தலைமுடி, செருப்பு. வரிசை வெயிலில் நீண்டு கிடந்தது. அங்குவரை அம்மாவும் கூட வந்திருந்தார். எங்கள் முறை வந்தபோது ஓர் இளம் சிப்பாய் சீலையை விலக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். மச்சாள் ஓரத்தை மெல்லத் தூக்கினாள். அவன் முதலில் வேப்பிலையைக் கண்டான். பிறகு என் கழுத்தைக் கண்டான். இரண்டடி பின்னால் போனான்.

"தெய்யன்கே லெடே" என்றான், மற்றவனுக்குக் கேட்கும்படி.

தெய்வத்தின் வருத்தம் என்று அர்த்தம். அவர்களும் அதற்கு அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். தங்கள் வீட்டிலும் அம்மா வேப்பிலைதான் கட்டுவார் என்று அவன் சிங்களத்தில் மச்சாளிடம் சொன்னது எனக்குப் பாதி விளங்கியது. குரல் திடீரென்று ஒரு வீட்டுப் பிள்ளையின் குரலாக மாறியிருந்தது. பையைக்கூடத் திறக்கவில்லை. லோஞ்சுக்குக் காத்து நின்றவர்களை ஒதுக்கி எங்களை முதலில் ஏறவிட்டான். இது அந்த வருத்தம் இல்லை என்று சொல்ல என் வாய் துடித்தது. உதடு வெடித்திருந்ததால் சத்தம் வரவில்லை.

"வாயைத் திறந்தியோ கடலுக்குள்ள தள்ளிப்போடுவன்" என்று மச்சாள் காதருகில் சொன்னாள். "இண்டைக்கு மட்டும் அம்மாளாவே இரு."

லோஞ்சில் என்னை இடப்பக்கப் பலகையில் கிடத்தினார்கள். ஏறியவர்கள் வேப்பிலையைப் பார்த்துப் பார்த்து வலப்பக்கம் போய் இருந்தார்கள். பின்னால் வந்தவர்களும் அங்கேயே நெருக்கிக்கொண்டு நின்றார்கள். லோஞ்சு ஒரு பக்கம் சரிந்தது. மூதூர்க்கார லோஞ்சு ஓட்டி எழும்பி நின்று கத்தினார்.

"என்னத்துக்கு எல்லாரும் ஒரு பக்கம் போறீங்க? புரண்டுச்சுதெண்டா எல்லாரையும் மீன்தான் பாத்துக்கும்! அம்மாளுக்குப் பயமோ, சுறாவுக்குப் பயமோ, முதல்ல அதச் சொல்லுங்க!"

யாரும் அசையவில்லை.

"காக்கா, சுறாவுக்கும் வேப்பிலை காட்டலாமோ?" என்று மச்சாள் கேட்டாள். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

சனம் சிரித்தது. மீன்கூடையோடு இருந்த ஒரு வயதான பெண் முதலில் எழும்பி வந்து என் காலடியில் இருந்தார். "எனக்குச் சின்னனில வந்ததுதான். இனி வராது" என்றார். பிறகு அப்படி வந்துபோனவர்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் மாறினார்கள். லோஞ்சு நிமிர்ந்தது. தொற்றாத ஒரு வருத்தத்தைச் சுற்றி, தொற்றிலிருந்து தப்பியவர்கள் காவல் இருந்தார்கள்.

கொட்டியாரக் குடா அன்று எண்ணெய் பூசியதுபோலக் கிடந்தது. இயந்திரத்தின் அதிர்வு பலகை வழியாக எலும்புக்குள் வந்தது. அண்ணாந்து கிடந்த எனக்கு வானமும் அதில் ஒட்டிக்கொண்டு வந்த ஒரு கடற்பறவையும்தான் தெரிந்தன. துறைமுகத்துக் கடல் எவ்வளவு ஆழம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவு வந்தது. அந்த ஆழமெல்லாம் எனக்குக் கீழே குளிராக இருக்கிறது, ஒரு பலகை மட்டும்தான் இடையில் என்று நினைத்தேன். அந்த நினைப்பே ஒரு ஈரத்துணிபோல உடம்பில் படிந்தது. கோணேசர் மலை தண்ணீரில் மிதந்து வந்தது. கடற்படைக் கப்பல்கள் சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றன. அவற்றையும் யாரோ கூப்பிட்டிருப்பார்கள் என்று காய்ச்சல் சொல்லிற்று.

ஆஸ்பத்திரியில் வேப்பிலை வேறுவிதமாக வேலை செய்தது. வாசலில் நின்றவர் அதைக் கண்டதும் தள்ளுவண்டியைத் தொற்றுநோய் அறைக்குத் திருப்பிவிட்டார். கடமையில் இருந்த வைத்தியர் புதியவர், என்னைத் தெரியாது. ஆனால் வெள்ளைப் பெட்டியைப் பற்றித் தெரிந்திருந்தது.

"மருந்து உங்களுக்கு எண்டுதான் இருக்கு. எனக்குத் தெரியும். ஆனா இது அந்த வருத்தமோ, கொப்புளிப்பானோ?"

"அந்த வருத்தம்தான் டொக்டர்" என்றேன்.

"கொப்புளிப்பான் முந்தி வந்திருக்கோ?"

"மூண்டு தரம்" என்றாள் மச்சாள், பழக்கத்தில். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "இல்ல, அது... வந்தது எண்டு சொன்னனாங்கள்."

வைத்தியர் அவளை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தார். "ஊரில இப்ப ஆருக்காவது இருக்கோ?"

மச்சாள் என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையை மடியில் வைத்திருந்ததை நானே சொன்னேன்.

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "இந்த மருந்து உடம்பின்ர எதிர்ப்பைக் குறைக்கும். இது உண்மையான கொப்புளிப்பானா இருந்து நான் மருந்தைப் போட்டா, காப்பாத்த வந்த சாமானே உங்களைக் கொண்டுபோயிடும். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். நீங்கள் சொல்லுங்கோ, எப்பிடித் தெரியும்?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று தரமும் எனக்குத் தெரிந்திருந்தது, ஊருக்குத்தான் தெரியவில்லை. இந்த முறை அம்மாவின் பொய் உண்மையாக வந்திருக்கலாம். பெட்டி சில அடி தூரத்தில் குளிர்ந்துகொண்டிருந்தது. நான் எரிந்துகொண்டிருந்தேன்.

என்னோடு வேலைசெய்த கிண்ணியாக்கார ராத்தா செய்தி கேட்டு ஓடிவந்தார். என்னைவிட மூத்த முஸ்லிம் பெண், அதனால் எனக்கு ராத்தா, அக்கா. தலையில் துணியை இறுக்கிக்கொண்டு, கையுறையோடு குனிந்தார்.

"முந்தாநாள் வேலைக்கு வாறேண்டு சொன்ன புள்ள, இப்பிடியா வருவ?"

"ராத்தா, கண்ணாடி வழுக்கி ரெண்டு. ஒண்டு கிருமிக்கு. மற்றது..."

"வாயப் பொத்து. ஒனக்குப் படிப்பிச்சதே நான்தான் போல ஒரு நெனப்பு எனக்கு."

மார்பில் புதிதாக எழும்பிய முத்துக்களைத் தெரிந்தெடுத்து, அடியைச் சுரண்டிக் கண்ணாடி வழுக்கிகளில் பூசினார். அம்மாள் என்றால், சாயமிட்ட பிறகு பல கருக்களை ஒன்றாய் அடைத்துவைத்த பெரிய கலங்கள் தெரியும். எனக்குள்ள வருத்தம் என்றால் வெள்ளைக் கலங்கள் மட்டும்தான். வைத்தியர் கொழும்பு வைத்தியரோடு ரெலிபோனில் கதைக்கப் போனார். சாயம் பிடிக்கும் நேரம் எனக்குத் தெரியும், எத்தனையோ தரம் காத்திருந்திருக்கிறேன். அது இவ்வளவு நீளமானது என்று மட்டும் தெரிந்திருக்கவில்லை.

ராத்தா நுணுக்குக்காட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து அறைக்கே கொண்டுவந்தார்.

"நான் பாத்துட்டேன். என்னத்தப் பாத்தேண்டு சொல்ல மாட்டேன். இப்ப நீ பாரு."

"நானோ?"

"ரெண்டு பேர் பாக்காம நம்மட ரூமால ரிப்போர்ட் போறதில்ல. மத்தவ ரோட்டுப் பூட்டால வரல்ல. இண்டைக்கு ரெண்டாவது ஆள் நீதான்."

வைத்தியர் வாசலில் நின்று கேட்டார். "ரெண்டாவது ஆள் நோயாளியே எண்டா?"

"மூணாவது ஆளா நீங்க பாருங்க டொக்டர். ஆனா ஒழுங்கு ஒழுங்குதான்."

மச்சாள் என்னைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தாள். கண்ணை வில்லையில் வைத்தேன். முதலில் வெளிச்சம் மட்டும். பிறகு ஊதாநிறத்தில் கலங்கள், நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றும் முறுக்கிய கருவோடு. துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள். அவற்றுக்கிடையே தண்ணீர் தெளிவாகக் கிடந்தது. படித்தபடி இடமிருந்து வலம் போனேன், ஒரு படி இறங்கி வலமிருந்து இடம் வந்தேன். கைவிரல் தோல் உரிந்திருந்ததால் திருகு வழுக்கிற்று. ராத்தாவின் கை என் கைக்குமேல் வந்து திருகியது. பெரிய கலம் ஒன்றுமில்லை. அடுத்த வழுக்கி. கிருமி ஒன்றுமில்லை. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். அவ்வளவு பேர் கூடிநின்றார்கள், ஒருவருக்கும் எதற்கென்று தெரியவில்லை. என் உடம்பின்மேல் எனக்கு முதல்தரம் இரக்கம் வந்தது.

"ஒண்டும் இல்லை" என்றேன்.

"எனக்கும் ஒண்டுமில்ல" என்றார் ராத்தா. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

வைத்தியர் வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "பெட்டியைக் கொண்டுவாங்கோ" என்றார்.

மருந்து சேலைன் வழியாக ஏறியது. அறைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் போட்டார்கள். ஆனாலும் அது குளிராக வந்தது என்றுதான் எனக்கு நினைவு. முழங்கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கழுத்துக்கு, யாரோ பானையிலிருந்து அள்ளித் தெளிப்பதுபோல. நான் நித்திரையாகிப்போனேன். கனவில் நாலு என்று வரிசையில் வைத்திருந்த கடலை யாரோ எடுத்து விரித்து, என்மேல் போர்த்திவிட்டார்கள்.

விடிந்தபோது தாதி மிஸ்ஸி விளக்கை என் முதுகில் பிடித்துத் தேடினார். புது முத்து இல்லை. அதன்பின் இருந்தவை காய்ந்தன, கருத்தன, தவிடாக உதிர்ந்தன. கொப்புளிப்பான் பிந்தி எழும்புகிறதா என்றும் கவனமாகப் பார்த்தார்கள். சில நாட்கள் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஆனால் இதயம் இந்த முறை தடுமாறவில்லை. மூன்றாம் தரத்தைப்போல ஒன்று நடக்காமலே போயிற்று.

தோல் உரிந்து இளஞ்சிவப்பாகக் கிடந்த ஒரு பின்னேரம் அம்மா வந்து சேர்ந்தார். சீலை கசங்கி, கொண்டை அவிழ்ந்து, பை ஒருபக்கம் கிழிந்து. கட்டிலில் இருந்து என் கையைப் பார்த்தார். தொடலாமா என்று மிஸ்ஸியைக் கண்ணால் கேட்டுவிட்டுத் தொட்டார்.

"இந்த முறை உண்மையாவே வந்திட்டா எண்டு பயந்திட்டன்" என்றார். "அவவின்ர பேரைச் சொல்லிச் சொல்லி நான்தான் கூப்பிட்டனோ எண்டு."

"இல்லை அம்மா. வரேல்ல. நானே பாத்தனான்."

அம்மா தலையாட்டினார். பிறகு மச்சாள் பக்கம் திரும்பினார். "ஜெட்டியில அந்தப் பெடியன் என்னைக் கண்டிட்டு, மகளுக்கு எப்பிடி, தெய்யன்கே லெடே சுகமோ எண்டு அரைகுறைத் தமிழில கேட்டான். பிள்ளையைக் கொண்டுபோக விட்டவன். அவனுக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரேல்ல. அது இல்லை மகன், வேற வருத்தம், தோல் வருத்தம் எண்டு சொன்னன். வரிசையில நிண்ட எங்கட ஊர்ச்சனம் எல்லாம் கேட்டுக்கொண்டு நிண்டது."

 தோல் வருத்தம் என்ற சொல்லை அம்மா வெளியில் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"அவன் என்ன சொன்னவன் மாமி?" என்று மச்சாள் கேட்டாள்.

"என்ன சொல்லுறது. சாதாரண வருத்தம் எண்ட உடன பையை முழுக்கக் கொட்டிப் பாத்தான். உனக்கெண்டு கொண்டுவந்த மாம்பழம் ரெண்டு கடலுக்குள்ள உருண்டு போட்டுது."

மச்சாள் சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் வந்தது. புதுத்தோல் இழுத்து வலித்தது, உதடு வெடித்தது. அம்மா மிச்ச மாம்பழங்களைக் கிழிந்த பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, அலுமாரித் தட்டில் வைத்தார்.